கீழக்கரையை நீக்கியது நான்தான்

மதுரையில் கல்யாணம் முடிந்த மறுநாள் எல்லோரும் அழகர்கோயிலுக்கு வேன் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் ராமநாதபுரம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

"கீழக்கரையில அப்படி என்ன பார்க்கப்போறே?" என்று என் கணவர் கேட்டார்.

"ஒரு கூட்டம் நடந்துச்சா இல்லையான்னு பார்க்கணும்."

"அதை சிங்கப்பூர்ல உட்கார்ந்தே கண்டுபிடிச்சிட்டேன்னு சொன்னியே?"

சரியான இடம் பார்த்து ஊசி ஏற்றுவதில் அவர் கெட்டிக்காரர். பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் ஒரு நூலகத்தில் வேலை பார்க்கிறேன். வீட்டுக்கு வந்தபின் சம்பளமில்லாத இன்னொரு வேலை. கட்டற்ற மென்பொருள் ஒன்றைத் தமிழுக்குக் கொண்டுவரும் குழுவில் இருக்கிறேன். யாரும் விலை கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம், கடிதம் எழுதுவதிலிருந்து கணக்குப் போடுவதுவரை எல்லாம் தமிழிலேயே செய்யலாம். இதைச் சொல்லிக்கொடுக்க ஊர் ஊராகக் கூட்டம் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். எந்த ஊரில், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு என்று இணையத்தில் ஒரே பக்கத்தில் வரிசையாக வரும். அந்த நிகழ்ச்சி நாட்காட்டியின் பொறுப்பாளர் நான். ஆறு வருஷமாக.

நான் வருவதற்கு முன் அந்தப் பக்கம் சந்தைக்கடையாக இருந்தது. நடக்காத கூட்டமெல்லாம் நடந்ததாக இருக்கும். நான்தான் ஒழுங்குக்குக் கொண்டுவந்தேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு படிவம். அதில் ஒரே கேள்வி: அறிவித்த தேதியில் நடந்ததா, இல்லையா? காரணம் எழுத இடம் வைக்கவில்லை. இடம் கொடுத்தால் ஆளாளுக்குக் கதை எழுதுவார்கள் என்பது என் அனுபவம். இரண்டு முறை தவறினால் ஊரின் பெயர் நீக்கப்படும். இந்த விதியும் என் கைவண்ணம்தான்.

அந்த விதியில் மாட்டியது கீழக்கரை. அங்கே ஜெய்னம்பு என்ற பெண் வீட்டு முன்கூடத்தில் பெண்களுக்காகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறாள். போன வருஷம் இரண்டு கூட்டம் அறிவித்தாள். முதல் கூட்டத்துக்கு மதுரையிலிருந்து எங்கள் தன்னார்வலர் ஒருவர் நேரிலேயே போனார். சென்டர் பூட்டியிருந்ததால் படிவத்தில் 'நடக்கவில்லை' என்று குறித்தார். இரண்டாவது கூட்டத்தன்று போன் செய்தார், யாரும் எடுக்கவில்லை. கேட்டதற்கு, இரண்டும் நடந்தது, நாற்பது நாற்பது பேர் வந்தார்கள் என்று ஜெய்னம்பு எழுதினாள். போட்டோ அனுப்பச் சொன்னேன். அனுப்பினாள். போட்டோவின் மூலையில் கேமரா போட்டிருந்த தேதி, நாட்காட்டியில் இருந்த தேதிக்கு அடுத்த நாள். இரண்டு போட்டோவிலும் அப்படியே.

கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆள் பிடித்து மறுநாள் உட்காரவைத்துப் படம் எடுத்திருக்கிறாள் என்று முடிவுகட்டி, கீழக்கரையை நீக்கினேன். பக்கத்தின் அடியில் 'நிகழ்ச்சிகள் நடக்கவில்லை என உறுதியானது' என்று குறிப்பும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து அவளிடமிருந்து நாலு வரி வந்தது. மென்பொருளின் புதிய பதிப்பு வெளியாகும் நாளில் பெரிய கூட்டம் போட, தெருச் சங்கத்தின் மண்டபத்தைக் கேட்டிருந்தாளாம். நான் போட்ட குறிப்பைப் பார்த்துவிட்டுச் சங்கத்தார் மறுத்துவிட்டார்கள். 'நீங்கள் எழுதினதை நீங்களே நேரில் வந்து பார்த்துச் சொல்லுங்கள்' என்று முடித்திருந்தாள். பொய் சொல்கிறவர்கள் வந்து பார் என்று கூப்பிடமாட்டார்கள். அந்த உறுத்தல்தான் என்னைப் பஸ் ஏற்றியது. பார்த்தே தீருவது என்று இருந்தேன்.

பரமக்குடிக்குச் சற்று முன்னால் பஸ் டயர் வெடித்தது. மாற்று டயரிலும் காற்றில்லை. எல்லோரும் இறங்கிக் கருவேலமரத்தின் அரை நிழலில் ஒண்டினோம். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கண்டக்டரிடம் போனேன்.

"எத்தனை மணிக்குக் கிளம்பும்?"

"டயர் வந்தாக் கிளம்பும்மா."

"டயர் எப்போ வரும்?"

"பின்னால வார வண்டியில வரும்."

"பின்னால வர்ற வண்டி எப்போ வரும்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்த டிரைவரைத்தான் கேக்கணும்" என்றார். பக்கத்தில் நின்ற விவசாயி ஒருவர் சிரித்தார். "வெளியூரா தாயி? இங்கன வாங்க, நெழல்ல நில்லுங்க. வண்டி நம்மள விட்டுட்டா போகப்போகுது?"

சிங்கப்பூரில் பஸ் நாலு நிமிஷம் தாமதமானால் நான் புகார்க் கடிதம் எழுதுகிறவள். இங்கே ஒன்றரை மணி நேரம் யாரும் முகம் சுளிக்கவில்லை. ஓர் அம்மாள் தூக்குவாளியைத் திறந்து புளிச்சோற்றை நாலு பேருக்குப் பங்கு வைத்தார். எனக்கும் தேக்கிலையில் ஒரு கை வந்தது. வேண்டாம் என்று சொல்லத்தான் நினைத்தேன், வாசனை விடவில்லை. அதில் கிடந்த குண்டு மிளகாய் வற்றலை விவரம் தெரியாமல் கடித்துவிட்டேன். கண்ணீர் நிற்கும்போது டயரும் வந்து சேர்ந்தது.

இரவு ராமநாதபுரத்தில் தங்கிவிட்டு, மறுநாள் காலை ராமேஸ்வரம் போனேன். கோயிலுக்கு என்று நினைத்துவிட வேண்டாம். கீழக்கரைக்குப் போகுமுன் ஒழுங்காக நடக்கிற ஊர் எப்படி இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள ஆசை. என் நாட்காட்டியில் ராமேஸ்வரம் முதல் மாணவன். மாதம் ஒரு கூட்டம், சொன்ன சனிக்கிழமை, சொன்ன நேரம். படிவம் அன்று மாலையே வந்துவிடும்: 'நடந்தது'. மற்ற ஊர்களுக்கு மடல் எழுதும்போதெல்லாம் ராமேஸ்வரத்தைப் பாருங்கள் என்று எழுதுவேன்.

பாம்பன் பாலத்தில் பஸ் ஏறியதும் கடல் இரண்டு பக்கமும் பளபளத்தது. காற்று முந்தானையைப் பிடுங்கியது. எங்கள் ஊர்க் கடல் கப்பல்களுக்கு நடுவே இடம் தேடும். இது கண் போகிற தூரம்வரை காலியாகக் கிடந்தது.

ராமேஸ்வரத்துக் கூட்டங்களை நடத்துகிறவர் அந்தோணி. முப்பது வயதிருக்கும். படகுத்துறைக்குப் போகும் சாலையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கிறார். நான் இன்னார் என்றதும் எழுந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீயும் சுடச்சுட மீன் கட்லெட்டும் வந்தன. கட்லெட் அருமை, மூன்று சாப்பிட்டேன்.

"போன சனிக்கிழமை கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?" என்று கேட்டேன்.

"யாரும் வரலைக்கா."

"அதுக்கு முந்தின மாசம்?"

"அப்பவும் வரலை."

கட்லெட் தட்டைக் கீழே வைத்தேன். "நடந்ததுன்னு எழுதியிருக்கீங்களே?"

"நடந்துச்சேக்கா. பத்து மணிக்குத் தொறந்தேன். ஒரு மணிவரைக்கும் இருந்தேன். நான் இருந்தேன்ல?"

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. படிவத்தில் கேட்டதற்கு உள்ளது உள்ளபடி பதில் எழுதியிருக்கிறார். எத்தனை பேர் வந்தார்கள் என்று அது கேட்கவே இல்லையே.

"ஏன் ஒருத்தரும் வரலை?"

"சனிக்கிழமை எப்படி வருவாக? திங்க, புதன், சனி, விசைப்படகெல்லாம் கடலுக்குப் போற நாளுக்கா. ஐஸ் ஏத்தணும், டீசல் புடிக்கணும், வலை பாக்கணும். ஞாயித்துக்கிழமை மீனு எறங்கும். வெள்ளிக்கிழமைதான் ஊரு கரையில கெடக்கும்."

"அப்போ வெள்ளிக்கிழமை வைக்கலாமே?"

"நீங்கதான சனிக்கிழமை வைக்கச் சொன்னீக" என்றார், கோபமே இல்லாமல்.

சொன்னேன்தான். எல்லா ஊருக்கும் சனிக்கிழமை பரிந்துரை செய்து நீளமாக ஒரு மடல் எழுதியிருக்கிறேன். எங்கள் ஊரில் சனிக்கிழமை விடுமுறை. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "எங்கன எழுதறது? படிவத்துல அதுக்குப் பொட்டியே இல்லையேக்கா" என்று கணினித் திரையைக் காட்டினார். வெளியே இரண்டு பேர் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அன்று புதன்கிழமை.

திரும்பி வரும்போது பாலமும் கடலும் கண்ணில் படவில்லை. முதல் மாணவன் கதை இதுவென்றால், நான் பெயிலாக்கிய மாணவி கதை என்னவாக இருக்கும் என்ற கவலை பிடித்துக்கொண்டது. ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். ஆத்திரக்காரிக்கும் அதேதான் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் திருப்புல்லாணி வழியாகக் கீழக்கரைக்குப் போனேன். சந்துகள் குறுகல், வீடுகள் உயரம். பஸ் ஸ்டாண்டில் வழி கேட்டதும் ஒரு கடைக்காரர், "ஜெய்னம்பு சென்டரா? நேராப் போயி, பச்சைக் கேட்டுகிட்ட நின்னு கூப்பிடுங்க. மாமி வருவாக" என்றார். நடக்காத கூட்டத்தை நடத்துகிறவளுக்கு இவ்வளவு துல்லியமான முகவரி இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

மாமி என்றது ஜெய்னம்புவின் மாமியாரை. அவர் கதவைத் திறந்து உள்ளே கூட்டிப்போனார். ஜெய்னம்பு ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு, ஏழெட்டுப் பெண்களுக்கு நடுவே நின்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். கணவர் துபாயில் வேலை பார்க்கிறாராம். என் பெயரைச் சொன்னதும் அவள் முகம் இறுகியது. ஆனால் முதலில் வந்த வார்த்தை, "சாப்பிட்டீகளாக்கா?"

"பேசிட்டுச் சாப்பிடலாமே."

"சாப்பிட்டுட்டுப் பேசுவோம். கோவம் எங்கயும் போயிடாது" என்றாள்.

இடியாப்பமும் ஆட்டுக்கறி ஆணமும் வந்தன. ஆணம் என்றால் குழம்பு. பின்னால் ஒரு கிண்ணத்தில் தொதல் என்று கறுப்பாக ஒரு இனிப்பு, அல்வாவுக்குச் சொந்தக்காரன் மாதிரி. கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் நாக்கில் ஒட்டிக்கொண்டன. திட்டு வாங்க வந்த இடத்தில் இப்படிச் சாப்பிடுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. இருந்தாலும் கிண்ணத்தை வழித்துவிட்டுத்தான் வைத்தேன்.

அப்புறம்தான் பேசினாள்.

"எங்க ஊர்ப் பேரை எடுத்தது கூட எனக்குப் பெருசில்லைக்கா. வந்த நாப்பது பேரும் வரவே இல்லைண்டு எழுதிட்டீக. அதுல கைக்குழந்தையோட வந்த புள்ளைக இருக்கு. அதுகளுக்கு நான் என்ன சொல்ல?"

"போட்டோவில தேதி..."

"தேதிக்கு என்ன? அண்டைக்குத்தான் கூட்டம், அண்டைக்குத்தான் எடுத்தேன்."

"நாட்காட்டியில முந்தின நாள் இருந்துச்சே."

"அது நீங்க போட்டது."

நான் போட்டதுதான். ஆனால் அவள் சொல்லாமல் போடுவேனா? இரண்டு பேரும் மாறி மாறிச் சாதித்தோம். வகுப்புப் பெண்கள் விசைப்பலகையைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி, "நானும் வந்தேனே மாமி" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

பழைய மடல்களைத் திறந்து பார்த்துவிடுவோம் என்றால் கரண்ட் போய்விட்டது. சாயங்காலம்வரை வரவில்லை. புழுக்கம் தாங்காமல் மொட்டைமாடிக்குப் போனோம். சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த மாடிகளிலும் அங்கொருவர் இங்கொருவராக நின்று மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமியும் நெற்றியில் கையை வைத்துப் பார்த்தார். அடிவானத்தில் மேகம்.

"என்ன பார்க்கறாங்க?" என்று கேட்டேன்.

"பிறை. மாசம் பொறக்கணும்ல" என்றாள் ஜெய்னம்பு.

என் கைப்பையில் சிங்கப்பூர் டைரி இருந்தது. அதில் இஸ்லாமிய மாதத் தேதியும் அச்சாகியிருக்கும். எடுத்துப் பார்த்துவிட்டு, மேதாவியாக, "நாளைக்குத்தான் ஒண்ணாம் தேதி. இதில போட்டிருக்கு" என்றேன்.

மாமி சிரித்தார். "அச்சடிச்சவுக வானத்தைப் பார்த்தாகளா?"

"பார்க்க வேண்டியதில்லைம்மா. கணக்குப் போட்டு முன்னாடியே சொல்லிடுவாங்க. எங்க ஊர்ல பெருநாள் லீவெல்லாம் முந்தின வருஷமே தெரிஞ்சிடும்."

"இங்கன அப்படி இல்ல. பிறை தெரிஞ்சா நாளைக்கு ஒண்ணு. தெரியலையா, நாளைக்கு முப்பது, நாளை மறுநாள்தான் ஒண்ணு. நோன்புப் பெருநாளும் அப்படித்தான். முத நாள் பொழுது சாஞ்சு மஹ்ரிபு தொழுகைக்குப் பெறகுதான் எங்களுக்கே தெரியும்."

நான் டைரியை மூடினேன். "ஜெய்னம்பு, நீ எனக்கு அனுப்பினபோது தேதி எழுதினியா?"

"தேதி எப்படிக்கா எழுத முடியும்? பெருநாள் மறுநாள் காலையில பத்து மணிண்டு எழுதினேன். அப்பத்தான் சபுராளிக லீவுல வந்திருப்பாக, வீட்டுல புள்ளைகளப் பாத்துக்கிருவாக, பொம்பளைகளுக்குக் கை ஒழியும்." சபுராளி என்றால் வெளிநாட்டில் வேலை பார்க்கிறவர். "ரெண்டாவது கூட்டம் ஹஜ்ஜுப் பெருநாள் மறுநாள். அதையும் அப்படித்தான் எழுதினேன்."

இப்போது எல்லாம் நினைவுக்கு வந்தது. நாட்காட்டியில் தேதிக் கட்டம் காலியாக இருந்தால் ஏற்றுக்கொள்ளாது. என் வீட்டுச் சுவரில் தொங்கிய சிங்கப்பூர்க் காலண்டரைப் பார்த்தேன், பெருநாள் லீவுக்கு அடுத்த தேதியைப் போட்டேன். இரண்டு முறையும். சிங்கப்பூரில் பெருநாள் முடிந்த மறுநாள்தான் அந்த வருஷம் இவர்களுக்குப் பெருநாள். எங்கள் தன்னார்வலர் வந்து கதவைத் தட்டியது ஊரே தொழுதுவிட்டு விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த நாளில். போன் அடித்ததும் அப்படி ஒரு நாளில்தான்.

"அண்டைக்கு மதுரையில இருந்து ஒரு தம்பி வந்துச்சே" என்றார் மாமி. "பூட்டுன கதவுகிட்ட நின்னுச்சு. பெருநாளும் அதுவுமா இப்படி நிக்குதேண்டு உள்ள கூப்பிட்டு பிரியாணி போட்டேன். இனிப்புக்கு வட்டலப்பம் வச்சேன், ரெண்டு தடவை வாங்கிச்சு. எதுக்கு வந்துச்சுண்டு நானும் கேக்கல, அதுவும் சொல்லல."

பிரியாணியைப் பற்றி அந்தத் தம்பி எழுதவில்லை. எங்கே எழுதுவது? இடம்தான் இல்லையே.

"பக்கத்துல தப்பாத் தேதி இருந்ததை நீ பார்க்கலையா?" என்று ஜெய்னம்புவிடம் கேட்டேன். பழியில் கொஞ்சமாவது அவள் பக்கம் தள்ள முடியுமா என்று கடைசி முயற்சி.

"பார்த்தேன்க்கா. பெருநாள் எண்டைக்குண்டு எங்களுக்கே தெரியாது, சிங்கப்பூர்ல இவுகளுக்கு எப்படித் தெரியும், சும்மா ஒரு கணக்குக்குப் போட்டு வச்சிருக்காகண்டு விட்டுட்டேன். கூட்டத்துக்கு வாரவுக யாரும் அந்தத் தேதியப் பாக்கலை. பெருநாள் மறுநாள்ண்டு சொன்னாப் போதும், வந்துருவாக."

மேகம் விலகவில்லை. பக்கத்து மாடிக்காரர்கள் இறங்கிப் போனார்கள். நாளைக்கு முப்பது என்று மாமி சொல்லிவிட்டுத் தொழப் போனார். என் டைரியின்படி மட்டும் மாதம் பிறந்துவிட்டது.

"என்னை மன்னிச்சிரு ஜெய்னம்பு" என்றேன். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. அதைச் சொல்ல வாய் அவ்வளவு சுலபமாக வளையவில்லை. அவள் உடனே மன்னித்துவிடவும் இல்லை. "எங்கிட்டச் சொல்லி என்னக்கா? மண்டபம் செயலாளர் காக்கா கையில இருக்கு. நாளைக்கு அவுககிட்டச் சொல்லுங்க" என்றாள்.

காக்கா என்றால் இங்கே அண்ணன். சங்கச் செயலாளரை ஊரே அப்படித்தான் கூப்பிடுகிறது. இரும்புக்கடை வைத்திருக்கிறார். நாலாம் நாள் காலை கடைக்குப் போனபோது ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். நான் நின்றபடியே முழுக் கதையையும் சொன்னேன். வாடிக்கையாளரும் ஆணியை மறந்துவிட்டுக் கேட்டார்.

"கூட்டம் நடந்துச்சுண்டு எனக்கும் தெரியும்" என்றார் காக்கா. "எங்க வீட்டுப் பொம்பளைகளே போனாக. ஆனா நடக்கலைண்டு உலகம் பூராப் படிக்க எழுதிப் போட்டிருக்கு. துபாயில இருந்து எங்க மருமகன் அதைப் பாத்துட்டுப் போன் போடுறாரு. ஏண்டு கேட்டா நான் என்ன சொல்றது? சங்கத்துக்கு ரெண்டுபட்ட பேச்சு வேணாம்மா."

"தப்பு என்னோடது. உங்களுக்கு எழுதித் தரட்டுமா?"

"எனக்கு எதுக்கு? கெடுத்த எடத்துல எழுதுங்க. அதை எங்க மருமகன் படிச்சுட்டுப் போன் போடட்டும். சாவியைத் தாரேன்."

நியாயம்தான். நேராக ஜெய்னம்புவின் சென்டருக்கு வந்தேன். கரண்ட் இருந்தது. அவள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். முதலில் இரண்டு கூட்டங்களுக்கும் 'நடந்தது' என்று மாற்றினேன். அடிக்குறிப்பை அழித்துவிட்டு, அதே இடத்தில் எழுதினேன்: 'கீழக்கரைக் கூட்டங்கள் இரண்டும் சொன்னபடியே நடந்தன. இரண்டு முறையும் தேதியைத் தவறாகப் போட்டதும், நடத்தியவரின் பேச்சை நம்பாமல் ஊரின் பெயரை நீக்கியதும் நாட்காட்டிப் பொறுப்பாளராகிய நான்தான்.' என் முழுப் பெயரையும் போட்டேன். சேமிக்கும் பொத்தானை அழுத்துவதற்குள் இரண்டு முறை கையை எடுத்துவிட்டேன். ஆறு வருஷமாக நான் திட்டி எழுதிய எல்லா ஊர்க்காரர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும் என்று அழுத்தினேன்.

வகுப்புப் பெண்கள் எட்டிப் பார்த்து, அவர்களுக்குள் மெதுவாக வாசித்துக்கொண்டார்கள். கைக்குழந்தைக்காரி ஒருத்தி அதை இரண்டு முறை வாசித்தாள். பன்னிரண்டு மணி வாக்கில் காக்காவின் கடைப்பையன் வந்து மண்டபச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். ஜெய்னம்பு அதை வாங்கிக் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள். அப்போதுதான் அவள் முகம் இளகியது.

நான் அத்தோடு நிறுத்தவில்லை. தவறு இரண்டு என்றால் பெயரை எடுப்பது விதி. ஊருக்கு ஒன்று எனக்கு ஒன்று என்றால் அது விதியா? பொறுப்பாளர் என்ற இடத்திலிருந்து என் பெயரை எடுக்கச் சொல்லி, குழுவுக்கு அங்கேயே மடல் எழுதினேன். அடுத்த பொறுப்பாளராக ஜெய்னம்புவைப் போடலாம் என்றும் எழுதினேன்.

"எனக்கு எதுக்குக்கா இந்த வம்பு?" என்றாள்.

"வர்றவங்களைக் கேட்டுத் தேதி வைக்கத் தெரிஞ்சவ நீதான்."

அவள் யோசித்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, பக்கத்தை மேலிருந்து கீழே ஓட்டினாள். ஒவ்வொரு ஊராக வாசித்தாள். கோயம்புத்தூர், புதுச்சேரி, யாழ்ப்பாணம், ராமேஸ்வரம். அடிவரைக்கும் போய்விட்டு மறுபடி மேலே வந்தாள்.

"சிங்கப்பூரைக் காணலையேக்கா. நீங்க போட்ட கூட்டமெல்லாம் எங்கன இருக்கு?"

நான் ஒரு கூட்டமும் போட்டதில்லை. ஆறு வருஷத்தில் ஒன்றுகூட இல்லை. இதுவரை யாரும் கேட்டதுமில்லை, எனக்கே தோன்றியதுமில்லை.

"போட்டதில்லை" என்றேன்.

அவள் சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "சரி, வெளியீட்டு நாளுக்கு ஒண்ணு போடுங்க. அண்டைக்கு உங்க ஊர்ல ஆளுக வருவாகளாண்டு விசாரிச்சுட்டு எழுதுங்க. விசாரிக்காம நான் தேதி போடமாட்டேன்" என்றாள். பொறுப்பாளர் பேசிவிட்டார்; நான் தலையை ஆட்டினேன்.

சிங்கப்பூர் திரும்பிய வாரத்தில் குழு சம்மதித்துவிட்டது. ஜெய்னம்பு எல்லா ஊர்களுக்கும் எழுதிய முதல் மடல் ஒரே வரி: 'வெளியீட்டு நாள் சனிக்கிழமை வருகிறது, அன்று உங்கள் ஊரில் என்ன?' ராமேஸ்வரத்தில் அந்தோணி கூட்டத்தை வெள்ளிக்கிழமைக்கு மாற்றினார். பதினோரு பேர் வந்ததாக எழுதினார். அந்த மடலை, வந்தவர்களில் மறுநாள் கடலுக்குப் போகிற ஒருவர்தான் தட்டச்சு செய்தார் என்றும் ஒரு வரி சேர்த்திருந்தார். கீழக்கரையில் மண்டபம் நிறைந்து, பாய் போதாமல் பக்கத்து வீடுகளில் வாங்கினார்களாம்.

நான் மூன்று வாரம் அலைந்தேன். சமூக மன்றத்தில் ஓர் அறைக்கு நாலு முறை நடந்தேன். தமிழ்ப் பள்ளி, கோயில், அலுவலகம் என்று எல்லா இடத்திலும் சொன்னேன், வீடு வீடாகப் போன் செய்தேன். எல்லோரும் வருகிறேன் என்றார்கள். ஐம்பது நாற்காலி போட்டேன். ஐம்பது பேருக்கு வடை சொன்னேன். அன்று மழை கொட்டியது.

ஏழு பேர் வந்தார்கள். ஒருவர் என் கணவர். இரண்டு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே ஒன்றரை மணி நேரம் பேசினேன். வருகிறேன் என்றவர்கள் வராத வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற மாதிரி நாற்பது பெண்களை ஒருத்தி இரண்டு முறை கூட்டியிருக்கிறாள். அவளைத்தான் நான் பொய்க்காரி என்று உலகத்துக்கு எழுதினேன்.